252-வது கோப்பில் விழுகிறது: மேக்கைக் கைவிடலாமா?

கொலுசுப்பட்டறை எழுதியது:

வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இருந்து எழுதுகிறேன். பகலில் எங்கள் வெள்ளிப் பட்டறையின் கணக்கு வழக்கு, ராத்திரியில் சி மொழியில் புரோகிராம். சின்னதாக ஒரு ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி வைத்திருக்கிறேன். ஒரு ஃபோல்டரில் கோப்பு வந்தாலோ, மாறினாலோ, காணாமல் போனாலோ உங்கள் புரோகிராமுக்குச் சொல்லும். அவ்வளவுதான் அதன் வேலை.

முதலில் பட்டறைக்காகத்தான் எழுதினேன். ஒரு ஜோடிக் கொலுசைத் தராசில் வைத்தால் எடை ஒரு கோப்பில் வந்து விழும், உடனே லேபிள் அச்சாக வேண்டும். லினக்ஸில் இதற்கென்றே ஐநோட்டிஃபை என்ற வசதி இருக்கிறது, 2005-இல் 2.6.13 கெர்னலில் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) வந்தது. நூற்றைம்பது வரியில் வேலை முடிந்தது. அந்த மிதப்பில், கோடைப் பகிரும் கிட்ஹப் தளத்திலும் போட்டுவிட்டேன்.

அப்புறம் யாரோ ஒருவர் ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு ஓஎஸ்ஸுக்காக, அதில் இதே வேலைக்கு உதவும் கேகியூவை வைத்து ஒரு பேட்ச் (கோடில் சேர்க்கும் திருத்தம்) அனுப்பினார். நன்றி சொல்லிச் சேர்த்துக்கொண்டேன். கேகியூதான் மேக்கிலும் இருக்கிறதே என்று ரீட்மீயில் (லைப்ரரியின் அறிமுகக் குறிப்பு) 'மேக்ஓஎஸ்' என்று ஒரு வார்த்தை கூடுதலாக எழுதினேன். என்னிடம் மேக் கிடையாது. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இப்போது வட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் ஒரு புகார்: 300 கோப்புகள் உள்ள ஃபோல்டரைக் கொடுத்தால் மேக்கில் லைப்ரரி பாதியில் படுத்துவிடுகிறது. சரி, பார்த்துவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை பைக்கை எடுத்தேன். ஏற்காட்டில் மச்சான் வீட்டில் 2008 கடைசியில் வந்த அலுமினிய மேக்புக் ஒன்று கிடக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய் உட்கார்ந்தால், முதலில் லிங்க்கே ஆகவில்லை, அதாவது கோட் ஒரு புரோகிராமாகவே சேரவில்லை. அந்த மெஷின் மேக்ஓஎஸ் 10.11-க்கு மேல் ஏறாது, நேரம் சொல்லும் கிளாக்-கெட்டைம் என்ற ஃபங்ஷன் மேக்கில் 10.12-இல்தான் வந்தது. அதற்கு மாற்று எழுதி முடிப்பதற்குள் மழை பிடித்துக் கரண்ட் போய்விட்டது. பேட்டரி எப்போதோ செத்துவிட்டதால் மெஷினும் கூடவே போனது. மச்சான் சிரித்துக்கொண்டே காபி கொடுத்தார்.

கரண்ட் வந்த பிறகு காரணம் கிடைத்தது. கேகியூவில் ஒரு கோப்பின் மாற்றத்தைக் கவனிக்க அந்தக் கோப்பைத் திறந்தே வைத்திருக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபைல் டிஸ்க்ரிப்டர், அதாவது திறந்த கோப்புக்கு ஓஎஸ் தரும் எண். மேக்கில் ஒரு புரோகிராமுக்கு முதலில் கிடைப்பது 256. வழக்கமான மூன்று (உள்ளீடு, வெளியீடு, பிழைச் செய்தி) போக, கேகியூவுக்கு ஒன்று, ஃபோல்டருக்கு ஒன்று. மிச்சம் 251. என் டெஸ்ட் சரியாக 252-வது கோப்பில் விழுந்தது.

கேள்வி இதுதான். லைப்ரரிக்குள்ளேயே, வரம்பை மாற்றும் செட்ஆர்லிமிட் போட்டு அந்த 256-ஐ ஏற்றிவிடலாமா? இல்லை, மேக்கையே விட்டுவிடலாமா? லினக்ஸில் வருவது போலவே எல்லா ஓஎஸ்ஸிலும் வர வைப்பதற்குள் எனக்கு வயதாகிவிடும் போலிருக்கிறது.

---

அடிவாரம் எழுதியது:

எடுத்துவிடுங்கள் ப்ரோ. லைசென்ஸிலேயே எந்த உத்தரவாதமும் கிடையாது என்றுதானே இருக்கிறது. மேக் வைத்திருப்பவர் பேட்ச் அனுப்பட்டும். சொந்தக் காசில் பெட்ரோல் போட்டு மலை ஏறி அடுத்தவருக்கு பக் பார்ப்பதெல்லாம் கொஞ்சம் ஓவர்.

---

பழைய டெர்மினல் எழுதியது:

தம்பி, செட்ஆர்லிமிட் மட்டும் வேண்டாம். லிமிட் உன் லைப்ரரியுடையது அல்ல, அதைக் கூப்பிடும் புரோகிராமுடையது. அந்தப் புரோகிராம் எங்காவது பல இணைப்புகளை ஒன்றாகக் கவனிக்கும் பழைய செலக்ட்டைப் பயன்படுத்தியிருந்தால், அதன் அட்டவணையில் 1024 இடம்தான் உண்டு. நீ லிமிட்டை ஏற்றி ஆயிரம் கோப்பைத் திறந்து வைத்த பிறகு அவர்கள் திறக்கும் சாக்கெட்டுக்கு (நெட்வொர்க் இணைப்பு) 1030 என்று எண் கிடைத்தால், செலக்ட் அட்டவணைக்கு வெளியே போய் எழுதும். எங்கோ சம்பந்தமே இல்லாத இடத்தில் கிராஷ் ஆகும். உன் பெயர் யாருக்கும் தோன்றாது, அவர்கள் மாதக்கணக்கில் தேடுவார்கள்.

இன்னொன்று. மேக்கில் கோப்பை எந்தக் கொடியோடு (ஃப்ளாக்) திறக்கிறாய்? ஓ-ஈவிடிஒன்லி என்று ஒன்று இருக்கிறது, வெறுமனே கவனிப்பதற்காகத் திறப்பது. அது இல்லாமல் சாதாரணமாகத் திறந்தால், பென்டிரைவில் உள்ள ஃபோல்டரை நீ கவனித்துக்கொண்டிருக்கும் வரை அதை எஜெக்ட் செய்ய முடியாது. அந்தப் புகார் இன்னும் வரவில்லை என்றால் வரும்.

இப்போது முக்கியமான விஷயம். லினக்ஸை அசல் என்றும் மற்றதை நகல் என்றும் வைத்துக்கொண்டு எழுதுகிறாய், அதுதான் உன்னைச் சாகடிக்கிறது. ஐநோட்டிஃபை 'இந்தப் பெயரில் கோப்பு வந்தது' என்று பெயரோடு சொல்லும். கேகியூ ஃபோல்டரைப் பற்றி 'ஏதோ மாறியது' என்று மட்டும் சொல்லும், பெயரை நீதான் பட்டியல் எடுத்துப் பழைய பட்டியலோடு ஒப்பிட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். உனக்கு இது குறையாகத் தெரிகிறது. ஆனால் லினக்ஸ் மட்டும் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறதா? அதன் வரிசையில் 16384 நிகழ்வுக்குத்தான் இடம், நீ படிக்கத் தாமதித்தால் மிச்சத்தைக் கொட்டிவிட்டு 'நிரம்பி வழிந்தது' என்று ஒரே ஒரு செய்தி தரும். அது வந்தால் உன் கோட் என்ன செய்கிறது? ஒன்றும் செய்வதில்லை என்று பந்தயம் கட்டுகிறேன். அப்போது லினக்ஸிலும் ஃபோல்டரை முழுக்கப் படித்து ஒப்பிட்டால்தானே உண்மை தெரியும்? அந்த ஒப்பிடும் கோடை நடுவில் வை. கெர்னலிடமிருந்து வருவதை, கதவைத் தட்டும் சத்தமாக மட்டும் எடுத்துக்கொள். யார் வந்திருக்கிறார்கள் என்று நீயே எட்டிப் பார்த்துக்கொள்.

அப்படி மாற்றிவிட்டால் மேக்கில் கேகியூவே தேவையில்லை. ஃபோல்டர் மாற்றத்தைச் சொல்லும் எஃப்எஸ்ஈவென்ட்ஸ் மேக்ஓஎஸ் 10.5-இலிருந்தே இருக்கிறது. கோப்புக்கு ஒரு டிஸ்க்ரிப்டர் கேட்காது, ஃபோல்டர் பெயரைச் சொன்னால் போதும். அதுவும் தடுமாறினால் 'உள்ளே எல்லாவற்றையும் நீயே ஸ்கேன் செய்துகொள்' என்று கொடி காட்டும்.

---

ஜங்ஷன் எழுதியது:

ஏற்காட்டுக் காபிக்காகப் போவதென்றால் சரி, மேக்குக்காகப் போக வேண்டாம். கிட்ஹப்பின் ரன்னரில் (டெஸ்ட் ஓட்டித் தரும் அவர்கள் கம்ப்யூட்டர்) மேக் இருக்கிறது, பொதுவில் திறந்த ரெப்போவுக்கு (கோட் வைக்கும் இடம்) இலவசம். ஃப்ரீபிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டி நேரடியாகக் கிடையாது. லினக்ஸ் ரன்னருக்குள் கியூஎமு மூலம் ஒரு விஎம் (கம்ப்யூட்டருக்குள் ஒரு போலிக் கம்ப்யூட்டர்) கிளப்பி அதில் டெஸ்ட்டை ஓட்டுவார்கள். மெதுவாகத்தான் ஓடும், ஆனால் ஓடும்.

அப்புறம் உங்கள் பில்டில் 'ஃப்ரீபிஎஸ்டி என்றால் கேகியூ' என்று ஓஎஸ் பெயரை வைத்துப் பிரித்திருந்தால் மாற்றுங்கள். ஃப்ரீபிஎஸ்டி 15-இல் ஐநோட்டிஃபை கெர்னலுக்குள்ளேயே வந்துவிட்டது. அதற்காக ஹெடர் (ஃபங்ஷன்களை அறிவிக்கும் கோப்பு) இருக்கிறதா என்று மட்டும் பார்க்கவும் கூடாது. கேகியூவின் மேல் ஐநோட்டிஃபை போல வேடம் போடும் ஒரு லைப்ரரி, ஃப்ரீபிஎஸ்டியின் மென்பொருள் தொகுப்பான போர்ட்ஸில் இருக்கிறது, அதை நிறுவியிருந்தால் பழைய பதிப்பிலும் அதே பெயரில் ஹெடர் கிடைக்கும். ஒரு குட்டி புரோகிராமை எழுதி லிங்க் ஆகிறதா என்று பார்ப்பதுதான் நம்பகமான வழி.

---

கொலுசுப்பட்டறை எழுதியது:

பழைய டெர்மினல் அண்ணா, பந்தயத்தில் ஜெயித்துவிட்டீர்கள். நிரம்பி வழிந்த செய்தி வந்தால் என் கோட் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. பார்த்தபோது இன்னொன்றும் புரிந்தது.

சென்ற தீபாவளிக்கு முன்பு ஒரு நாள் பட்டறையில் லேபிள் பேப்பர் தீர்ந்துவிட்டது. என் புரோகிராம் பிரிண்டருக்காக நின்றுகொண்டிருந்தது. அதே நேரத்தில் கணக்குப்பிள்ளை மாடல் போட்டோ எல்லாவற்றையும், பல வருடத்துப் படங்கள், அதே ஃபோல்டருக்குள் காப்பி போட்டார். பேப்பர் மாட்டிய பிறகு சில ஜோடிகளுக்கு லேபிளே வரவில்லை. தராசுக்காரர் வைக்க மறந்துவிட்டார் என்று அவரைத்தான் சத்தம் போட்டேன். படம் ஒவ்வொன்றும் உருவானது, எழுதியது, மூடியது என்று குறைந்தது மூன்று நிகழ்வு, அதில் எடைக் கோப்பின் நிகழ்வுகள் அடித்துப் போயிருக்கின்றன. நேற்று அவரிடம் சொன்னேன். 'இதைத்தானே அன்றைக்கே சொன்னேன்' என்றார்.

ஒரு சந்தேகம். ஒப்பிடுவதற்கு ஐநோட் எண் (ஒவ்வொரு கோப்புக்கும் டிஸ்க்கில் உள்ள அடையாள எண்), அளவு, மாறிய நேரம் மூன்றையும் வைத்திருக்கிறேன். விம் போன்ற எடிட்டர் புதுக் கோப்பை எழுதிப் பெயர் மாற்றினால் ஐநோட் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் எடைக் கோப்பு அதே கோப்பின் மேலேயே எழுதப்படுகிறது, எப்போதும் ஏழே எழுத்து. 112.460, அடுத்தது 108.915. அளவு மாறாது. மச்சானின் மேக்கில் இரண்டையும் அடுத்தடுத்து எழுதிப் பார்த்தால் இரண்டாவது தெரியவே இல்லை.

---

பழைய டெர்மினல் எழுதியது:

அது 10.11 என்றால் டிஸ்க்கின் ஃபைல் சிஸ்டம் எச்எஃப்எஸ் பிளஸ். அதில் நேரம் முழு வினாடியாகத்தான் பதியும். ஒரே வினாடிக்குள் இரண்டு முறை எழுதினால் இரண்டுக்கும் ஒரே நேரம்தான். 2017-இல் 10.13-ஓடு வந்த ஏபிஎஃப்எஸ்ஸில் நானோ வினாடி உண்டு, ரன்னரில் உள்ள மேக்கில் இது சிக்கவே சிக்காது. அந்த வகையில் உன் மச்சான் வீட்டுப் பழைய டப்பா லாபம்தான்.

கோடின் பதிப்புகளைக் காக்கும் கிட்டுக்கும் இதே தலைவலி உண்டு. கோப்பின் நேரமும் தன் பட்டியலான இண்டெக்ஸின் நேரமும் ஒட்டி விழுந்தால் அது ஸ்டாட் சொல்லும் அளவையும் நேரத்தையும் நம்பாது, கோப்பைத் திறந்து உள்ளே பார்க்கும். நீயும் அப்படிச் செய். ஸ்கேன் செய்த அதே வினாடியில் மாறிய கோப்பு என்றால் அதைச் சந்தேகப் பட்டியலில் போட்டுவிட்டு, ஒரு வினாடி கழித்து 'மாறியிருக்கலாம்' என்று இன்னொரு முறை சொல்.

---

கொலுசுப்பட்டறை எழுதியது:

அப்படியென்றால் ஒரே ஜோடிக்கு இரண்டு லேபிள் வந்துவிடுமே அண்ணா?

---

பழைய டெர்மினல் எழுதியது:

வரும், உன் பட்டறை புரோகிராமை அப்படியே விட்டால். எடைக் கோப்பில் வரிசை எண் ஒன்றையும் சேர்த்து எழுதச் சொல், அதே எண் திரும்ப வந்தால் அச்சடிக்காதே. லைப்ரரி ஒரு தடவை கூடுதலாகச் சொல்லலாம், சொல்லாமல் விடக் கூடாது. இதை ரீட்மீயில் 'மேக்ஓஎஸ்' என்ற வார்த்தைக்குப் பக்கத்திலேயே எழுதிவிடு.

---

கொலுசுப்பட்டறை எழுதியது:

எழுதிவிட்டேன். வரிசை எண்ணுக்குத் தராசுக்காரரும் சம்மதித்தார், ஆனால் இனி லேபிள் விட்டுப்போனால் முதலில் கம்ப்யூட்டரைத்தான் திட்ட வேண்டுமாம். 'ஐநோட்டிஃபை நிகழ்வு' என்ற பெயரை ஏபிஐயில் (மற்ற புரோகிராம்கள் கூப்பிடும் பகுதி) இருந்தே தூக்கிவிட்டு 'ஃபோல்டர் மாறியது' என்று ஒன்றே ஒன்று வைத்திருக்கிறேன். பழையதை நம்பி எழுதியவர்களுக்காக அடுத்த இரண்டு ரிலீஸ் வரை அதுவும் ஓடும்.

அடிவாரம் ப்ரோ, மேக்கை எடுக்கவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். ரன்னரில் 300 கோப்பு டெஸ்ட் பச்சை. 10.11-க்கு மட்டும் வரும் ஞாயிறு மறுபடி மேலே போகிறேன். இந்த முறை யூபிஎஸ்ஸைப் பைக்கில் கட்டிக்கொண்டு போகிறேன், மச்சான் செவ்வாய்ப்பேட்டையில் இருந்து தட்டுவடை வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்.