தமிழில் அங்கன்வாடி ஆசிரியர் பயிற்சி: உதவி வேண்டுகிறோம்

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறையை ஒட்டிய ஊர்களில், வீட்டில் தமிழ் பேசும் குழந்தைகளோடு பணியாற்றும் அங்கன்வாடி ஆசிரியர்கள் சிலரின் சார்பில் எழுதுகிறேன். 3 முதல் 8 வயது வரையுள்ள பருவத்துக்காக 2022இல் வெளியான தேசியக் கலைத்திட்டச் சட்டகம், குழந்தையின் வீட்டுமொழியிலேயே கற்பிக்க வேண்டும் என்கிறது; எங்களுக்குக் கிடைக்கும் பயிற்சியும் கையேடுகளுமோ பெரும்பாலும் மலையாளத்தில்தான் உள்ளன. மலையாளமும் இக்குழந்தைகளுக்குக் கட்டாயம் வேண்டும். அதில் மாற்றுக் கருத்தில்லை.

எங்களுக்கு முதன்மையாகத் தேவைப்படுவது உரைகள் அல்ல, வகுப்பில் உடன் அமர்ந்து பார்த்து வழிகாட்டும் ஒருவர். புளியங்கொட்டைகளைப் பெரியது, சிறியது என்று பிரித்துக்கொண்டிருக்கும் குழந்தையிடம், "இது எத்தனை?" என்று கேட்டு நிறுத்திவிடாமல், "இதை ஏன் இந்தப் பக்கம் வைத்தாய்?" என்று கேட்டு, அது யோசித்துப் பதில் சொல்லும்வரை பொறுமையாகக் காத்திருப்பது நேரில் கண்டு, செய்து, திருத்திக்கொண்டால்தான் கைவரும், ஒருநாள் கூட்டத்தில் குறிப்பெடுத்து வருவதால் வராது.

ஆகவே, பொள்ளாச்சி, கோவைப் பகுதிகளில் முன்பருவக் கல்வியில் அனுபவமுள்ளவர்கள் மாதம் ஒருமுறை வந்து உதவ இயலுமா? குழந்தைகளை உற்றுநோக்கிப் பதிவு செய்யும் படிவங்களின் தமிழ் மாதிரி இருந்தாலும் அன்புகூர்ந்து பகிருங்கள். பயணச் செலவை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்; பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு செல்லும் பேருந்தில் கொழிஞ்சாம்பாறையில் இறங்கினால் அழைத்துச் செல்ல வருவோம்.