காட்டுல பார்த்த ராட்சசப் பெரணி, இது மரப்பெரணியா வேற எதாவதா?

ஓடைக்கரை:
காட்டுக்குள்ள ஓடை ஓரமா நடக்கறப்ப ஒரு பெரணி பார்த்தேன், ஒரு மட்டையே ரெண்டு ஆள் நீளத்துக்கு மேல இருக்கும், காம்பு என் மணிக்கட்டு தடிமன். மரம் மாதிரி தண்டு இல்ல, தரையோட ஒட்டி கறுப்பா ஒரு குண்டுக் கட்டை, அதுலேர்ந்துதான் எல்லா மட்டையும் கிளம்புது. செடி பேர் சொல்ற ஆப்ல போட்டா ஒரு போட்டோவுக்கு சயாத்தியாங்குது (மரப்பெரணி), இன்னொண்ணுக்கு ஆஞ்சியோப்டெரிஸ் (இது வேற ஒரு ராட்சசப் பெரணி), மூணாவதுக்கு பெரணியே இல்லாத, பனை மாதிரி இருக்கற சைகஸ்னே சொல்லுது. எல்லாமே தூரத்துல நின்னு எடுத்த படம். நாளைக்கு மறுபடி அந்தப் பக்கம் போறேன், எதைப் பார்க்கணும்?

செதில்:
முழுச்செடி படத்தை வச்சு பெரிய பெரணி எதையும் சொல்ல முடியாதுங்க, எல்லாமே குடை விரிச்ச மாதிரிதான் இருக்கும். மட்டை கட்டையோட சேர்ற இடத்துல குனிஞ்சு பாருங்க, பாதி விடை அங்கயே இருக்கு. தட்டையா மெலிசா உமி மாதிரி செதில் மூடியிருந்தா சயாத்தியா குடும்பம். செதிலே இல்லாம மெத்துமெத்துன்னு முடி மட்டும் இருந்தா டிக்சோனியா, சிபோட்டியம்னு வேற மரப்பெரணிங்க பக்கம் போங்க. செதிலா முடியான்னு கண்ணுக்கு சந்தேகமா இருந்தா பத்து மடங்கு லென்ஸ் ஒண்ணு போதும், முடின்னா செல் ஒரே வரிசையா நூல் மாதிரி தெரியும், செதில் அகலமா தெரியும். ரெண்டும் அப்படி மூடியிருக்காம காம்போட அடியில ரெண்டு பக்கமும் காது மடல் மாதிரி சதைப்பத்தா இருந்துச்சுன்னா அது ஆஞ்சியோப்டெரிஸ் குடும்பம். தண்டு இல்லங்கறத மட்டும் நம்பாதீங்க, சின்ன வயசு மரப்பெரணிக்கும் தண்டு இருக்காது, நானே ரெண்டு வருஷம் ஒரு இளஞ்செடியை தப்பான பேர்ல குறிச்சு வச்சிருந்தேன்.

பச்சைச்சுருள்:
இலையைத் திருப்பி அடியையும் எடுங்க, பிக்காம அப்படியே திருப்புங்க. சயாத்தியால ஸ்போர் (பெரணிக்கு விதைக்குப் பதிலா இருக்கற தூள்) கொத்து உருண்டையா, ஓரத்தை விட்டுத் தள்ளி நரம்பு மேல உக்காந்திருக்கும். சிபோட்டியத்துல சரியா ஓரத்துல, சிப்பி மாதிரி ரெண்டு மூடியோட. ஆஞ்சியோப்டெரிஸ்ல ஓரத்தை ஒட்டி குட்டிக் குட்டிப் பைங்க ரெண்டு வரிசையா தனித்தனியா நிக்கும், அதே குடும்பத்து மராட்டியால அந்தப் பைங்க ஒட்டி ஒரே கட்டியா இருக்கும். சைகஸ்னா அடியில ஸ்போரே கிடையாது, சிற்றிலையில நடு நரம்பு ஒண்ணுதான், பக்க நரம்பு இருக்காது. இன்னொண்ணு, நடுக்குருத்தை யாரும் வெட்டிடாதீங்க, பெரும்பாலான மரப்பெரணிக்கு வளர்ற முனை அந்த ஒண்ணுதான், அது போனா செடியே போச்சு.

ஓடைக்கரை:
போய்ட்டு வந்தேன்! காது இருக்கு, கறுப்பா தடிமனா ஜோடி ஜோடியா, பழைய மட்டை விழுந்த இடத்துலயும் காது மட்டும் அப்படியே கட்டையில ஒட்டிட்டு இருக்கு. செதில் மூடல. காம்புல வெள்ளை வெள்ளையா சின்னக் கோடுங்க, கிளைப்பிரிவு சேர்ற இடம் எல்லாம் முட்டி மாதிரி வீங்கியிருக்கு. அடியில ஓரத்துல ரெண்டு வரிசை, லென்ஸ்ல தனித்தனியா எண்ண முடிஞ்சுது.

செதில்:
அப்ப ஆஞ்சியோப்டெரிஸேதான், அந்த முட்டி வீக்கமும் அதோட அடையாளம்தான். ஆனா குறிப்புல ஆஞ்சியோப்டெரிஸ்ங்கற பேரினத்தோட நிறுத்திக்கோங்க, அதுக்குள்ள இனம் எத்தனைன்னு ஆராய்ச்சியாளருங்களுக்குள்ளயே ஆளுக்கொரு கணக்கு. காது, அடிப்பக்கம், அந்த முட்டி மூணையும் பக்கத்துல ஸ்கேல் வச்சு எடுத்த படமா சேர்த்து வச்சிருங்க, பின்னாடி யாராவது இனம் வரைக்கும் பார்க்கணும்னா அதுதான் வேணும்.