கடை கம்ப்யூட்டருக்கு டெபியனா, ஆர்ச்சா?

மார்த்தாண்டம்_டிடிபி:
மார்த்தாண்டத்தில் சின்ன ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது, கடை சிஸ்டம் இரண்டிலும் 11 ஏறாது, அதனால் லினக்ஸுக்கு மாறலாம் என்று இருக்கிறேன். அதில் டெபியன், ஆர்ச் என்று இரண்டு வகை சொல்கிறார்கள். தங்கச்சி மகன் நாகர்கோவிலில் இன்ஜினியரிங் படிக்கிறான். "ஆர்ச் போடுங்க மாமா, எல்லாம் புதுசா இருக்கும், டெபியன்ல எல்லாமே பழசு" என்கிறான். கடை வேலை என்றால் கோயில் கொடை நோட்டீஸ், சர்ச் திருவிழா நோட்டீஸ், ஆன்லைன் விண்ணப்பம், பிரிண்ட், அவ்வளவுதான். தமிழ்99 விசைப்பலகை முறையில் அடிப்பேன். நோட்டீஸ் வரைகிற இங்க்ஸ்கேப் மென்பொருள் மட்டும் புது வெர்ஷன் வேண்டும். எதைப் போட?

தக்கலைக்காரன்:
கடைக்கு டெபியன் 13, யோசிக்கவே வேண்டாம் அண்ணே. 2025 ஆகஸ்டில் வந்தது, 3 வருஷம் முழு ஆதரவு, அப்புறம் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) 2 வருஷம். மருமகன் பழசு என்பது வெர்ஷன் நம்பரைப் பார்த்துத்தான். பாதுகாப்புக் கோளாறு எதுவும் வந்தால் அந்தத் திருத்தத்தை மட்டும் எடுத்து இருக்கிற வெர்ஷனிலேயே ஒட்டித் தருவார்கள், நம்பர் பெரிதாக மாறாது, மெனுவும் இடம் மாறாது, நேற்று வேலை செய்த பிரிண்டர் இன்றும் வேலை செய்யும். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள், வாசல் வரை ஆள் நிற்கும்போது அதுதானே வேண்டும்? இங்க்ஸ்கேப்பை ஃபிளாட்பேக்கில் (சிஸ்டத்தைத் தொடாமல் மென்பொருளைத் தனியாகப் போடும் வழி) போட்டுக்கொள்ளுங்கள், அது தனியாகப் புதுசாகிக்கொண்டே இருக்கும், கீழே சிஸ்டம் அசையாது.

புதுசு என்றாலே நல்லது என்றும் இல்லை. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற ஃபைல் சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 வெர்ஷன்களில் பின்கதவு (திருட்டு நுழைவழி) வைத்தது வெளியே வந்ததே, எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து சிஸ்டத்துக்குள் நுழையும் வழி) லாகின் அரை விநாடி தாமதமாகிறதே என்று ஒருத்தர் நோண்டப்போய்த்தான் பிடிபட்டது. டெபியனில் சோதனைக்கான டெஸ்டிங், அன்ஸ்டேபிள் பதிப்புகள் வரை அது வந்துவிட்டது, நாம் போடுகிற ஸ்டேபிளுக்கு வரவில்லை.

குளச்சல்_ஆர்ச்:
அந்த எக்ஸ்இசட் கதையை எல்லாரும் பாதிதான் சொல்கிறீர்கள். ஆர்ச்சிலும் அந்தப் பேக்கேஜ் வந்தது உண்மை, ஆனால் ஆர்ச்சின் எஸ்எஸ்எச் எக்ஸ்இசட்டின் நிரல் லைப்ரரியோடு நேரடியாக இணைவதில்லை, அதனால் அந்தப் பின்கதவு வழியாக நுழைய முடியாது.

மற்றபடி கடைக்கு ஆர்ச் வேண்டாம் என்று நானே சொல்வேன். வீட்டில் ஆர்ச்தான் ஓட்டுகிறேன், எனக்கு அது பிடிக்கும், ஆனால் அப்டேட்டுக்கு முன்னால் அவர்கள் செய்திப் பக்கத்தைப் பார்க்கிற பழக்கம் வேண்டும். 2025 ஜூனில் லினக்ஸ் ஃபர்ம்வேர் (வன்பொருள் இயங்கத் தேவையான ஃபைல்கள்) பேக்கேஜைப் பிரித்தபோது, பழசைக் கையால் நீக்கிவிட்டுப் புதுசைப் போடச் சொன்னார்கள், படிக்காமல் அப்டேட் கொடுத்தவர்களுக்கு எரர் வந்து நின்றது. ஒன்றை மட்டும் புதுசாக்கி மற்றதை விட்டுவைப்பதும் அங்கே கூடாது, ஏற்றினால் எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும். லேமினேஷன் போட்டுக்கொண்டே இதையும் பார்க்க முடியுமா? மருமகன் தன் லேப்டாப்பில் ஓட்டட்டும், நன்றாகக் கற்றுக்கொள்வான்.

மலையோரம்:
இரண்டு பேரும் பிரிண்டரை விட்டுவிட்டீர்கள். சில பழைய லேசர் பிரிண்டர்களுக்குக் கம்பெனி கொடுக்கிற 32 பிட் டிரைவர்தான் கதி, அது எந்த லினக்ஸிலும் தலைவலி, ஸ்டேபிள் போட்டாலும் தீராது. முதலில் பென்டிரைவில் லைவ் இமேஜ் (நிறுவாமலே ஓட்டிப் பார்க்கும் பதிப்பு) போட்டு, பிரிண்டர், ஸ்கேனர், ஆதார் கைரேகைக் கருவி இருந்தால் அதையும் மாட்டிப் பாருங்கள். கைரேகைக் கருவி ஓடவில்லை என்றால் ஒரு சிஸ்டத்தை விண்டோஸிலேயே விட வேண்டியதுதான். தமிழ்99-க்கு ஐபஸ், எம்17என் என்ற தட்டச்சு மென்பொருள்கள் போதும், டெபியனிலேயே இருக்கிறது. பழைய நோட்டீஸ் எல்லாம் யூனிகோடு இல்லாத ஃபாண்டில் அடித்தவை என்றால் அந்த ஃபாண்டையும் எடுத்துவையுங்கள், இல்லாவிட்டால் திறக்கும்போது ஆங்கில எழுத்தாகக் கொட்டும்.

மார்த்தாண்டம்_டிடிபி:
சரி, ஞாயிற்றுக்கிழமை கடை அடைத்திருக்கும்போது லைவ் போட்டுப் பார்க்கிறேன். கைரேகைக் கருவி இல்லை, நல்லவேளை. ஃபாண்ட்தான் கவலை, பத்து வருஷ நோட்டீஸ் அதில் இருக்கிறது. அதையெல்லாம் மொத்தமாக யூனிகோடுக்கு மாற்ற வழி இருக்கிறதா?

மலையோரம்:
எந்த ஃபாண்ட் என்று சொல்லுங்கள், பாமினி, டிஏபி போன்றவற்றை யூனிகோடுக்கு மாற்றும் மென்பொருள் இருக்கிறது. ஆனால் மாற்றியபின் ஒரு வாசிப்பு வாசிக்காமல் பிரஸ்ஸுக்கு அனுப்பாதீர்கள்.