ரோஜாவின் சிவப்பு யாருடைய குருதி?

ஏட்டுச்சுவடி:
"ரோஜா என்றாலே பெண்மைதான், முள் தைத்த காதல் தேவி அஃப்ரோடைட்டியின் பாதத்தில் வழிந்த குருதியே வெண்ரோஜாவைச் சிவக்க வைத்தது" என்று செம்பருதி தீர்ப்பே எழுதிவிட்டார். கிரேக்கக் கவிஞர் பியோன், அத்தேவியின் காதலன் அடோனிஸுக்காகப் பாடிய இரங்கற்பாவில், தேவியின் கண்ணீரிலிருந்து அனிமோனி மலரும், காட்டுப்பன்றி குத்திச் சாய்த்த அந்த இளைஞனின் குருதியிலிருந்து ரோஜாவும் பிறக்கின்றன. குருதி ஆணுடையது. பிறகு பெண்மை எங்கிருந்து முளைத்தது?

செம்பருதி:
தமக்கு உகந்த கதையை வைத்துக்கொண்டு மற்றதை ஒளிப்பது ஆய்வாகாது, ஐயா. அடோனிஸின் குருதியில் பிறந்தது அனிமோனி என்றுதானே ரோமானியக் கவிஞர் ஓவிட் பாடுகிறார்? ஹோமரின் இலியட் காவியத்தில் ட்ராய் வீரன் ஹெக்டரின் சடலம் சிதையாதபடி ரோஜா எண்ணெய் பூசிக் காப்பவளும் அஃப்ரோடைட்டியே. கிறித்தவ மன்றாட்டுமாலையோ மரியாளையே ரோஜா என்று விளிக்கிறது.

ஏட்டுச்சுவடி:
மரியாள் இருக்கட்டும். நான் கேட்டது, குருதி யாருடையது என்று. எண்ணெய் பூசப்பட்ட ஹெக்டர் ஆண் என்பதையாவது ஒப்புக்கொள்வீர்களா?

வழிப்போக்கன்:
15ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் யார்க் குலத்தார் வெள்ளை ரோஜாவையும் லங்காஸ்டர் குலத்தார் சிவப்பு ரோஜாவையும் ஏந்தி அரியணைக்காக ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள். அதில் என்ன பெண்மை இருந்தது?

செம்பருதி:
அந்த இரு ரோஜாக்களும் ஒன்றானது 1486இல் யார்க்கின் எலிசபெத் லங்காஸ்டர் தரப்பின் ஏழாம் ஹென்றியை மணந்தபோதுதான். இணைத்தவள் பெண் என்பதை வழிப்போக்கர் வசதியாக மறந்துவிட்டார்.

ஏட்டுச்சுவடி:
அதற்கு முந்தைய ஆண்டே போஸ்வொர்த் களத்தில் ஹென்றி வென்று முடிசூடியாயிற்று. மணம் பிற்பாடு வந்த அரசியல் ஏற்பாடு. போகட்டும், லங்காஸ்டர் தரப்பு போர்க்காலத்தில் சிவப்பு ரோஜாவை அதிகம் பயன்படுத்தியதே இல்லை; அதைப் பரப்பியவர்கள் ஹென்றியின் குலத்தாரான டியூடர்கள். இது தெரியாத வழிப்போக்கர் என் பக்கம் நின்று பேசாமலிருப்பதே எனக்குச் செய்யும் உதவி.

வழிப்போக்கன்:
உங்கள் பக்கம் நிற்பதாக நான் எப்போது சொன்னேன்?

யாழினி:
13ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் காவியமான 'ரோஜாவின் காதை'யில் பெண் ஒரு மொட்டு. அரண் சூழ்ந்த தோட்டத்திற்குள் புகுந்து அதைப் பறிப்பதே காதலனின் வெற்றி. அக்காவியம் பெண்களை இழிவுபடுத்துவதாக 1400களின் தொடக்கத்தில் கிறிஸ்டின் தெ பிஸான் என்ற பெண் எழுத்தாளர் வெளிப்படையாக வாதாடினார். ரோஜாவைப் பெண்மைக்குப் பெருமையாகச் சூட்டும் செம்பருதியும், அதைப் பிடுங்க வரும் ஏட்டுச்சுவடியும், அந்த மலரைப் பெண்மீது ஏற்றியவர் யார் என்று ஏன் கேட்கவில்லை?

ஏட்டுச்சுவடி:
அம்மையே, பறித்ததைப் பிறகு பேசலாம். சிவந்ததற்கே இன்னும் விடை வரவில்லை.

செம்பருதி:
தாமரை விவாதத்திலும் இப்படித்தான் ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் களைக்க வைத்தீர்கள்.

ஏட்டுச்சுவடி:
தாமரையில் பதிலின்றி நழுவியவர் யார் என்பதை இங்குள்ளோர் அறிவார்கள். பியோனின் வரிக்கு மறுப்பு இருந்தால் எழுதுங்கள். ஓவிட் பாடியது அனிமோனியை, ரோஜாவை அன்று.

செம்பருதி:
அதைத்தான் நானும் சொன்னேன்!