ஆர்மோனியப் பெட்டி பழுது பார்ப்பவர் யாரையாவது தெரியுமா?

வணக்கம். கடலூர் முதுநகரில் எங்களுடையது சின்ன பிரெஸ்பிட்டேரியன் (புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவத்தில் ஒரு பிரிவு) சபை, 30 குடும்பங்கள் இருக்கும். அடுத்த வாரம் வீடு வீடாகப் போய் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும் கேரல் பவனி ஆரம்பம். மழை ஈரத்தில் ஆர்மோனியப் பெட்டியின் துருத்தி கிழிந்துவிட்டது. நாலைந்து கட்டைகள் அழுத்தினால் மேலே எழும்புவதே இல்லை.

கீபோர்டு வாங்கிவிடலாமே என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். சரிதான். ஆனால் எங்கள் மூப்பர் ஒருவர் 40 வருடமாக இந்தப் பெட்டியைத்தான் வாசிக்கிறார். ஸ்காட்லாந்தில் பிரெஸ்பிட்டேரியன் சபையார் நெடுங்காலம் கிறிஸ்துமஸ் கொண்டாடியதில்லை, அங்கே அது பொது விடுமுறை ஆனதே 1958இல்தான் என்று எங்களுக்குச் சொன்னவரும் அவர்தான். சொல்லிக்கொண்டே தேவனாம்பட்டினம் வரை பெட்டியைச் சுமந்து வருவார். இந்த வருடம் முழங்கால் வலி, அவரால் நடக்க முடியாது. அதனால் முதல் பாட்டை அவர் வீட்டு வாசலில் பாடப்போகிறோம். அதை அவரே இந்தப் பெட்டியில் வாசிக்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை.

கடலூரிலோ புதுச்சேரியிலோ துருத்தி ஒட்டி, ரீடு சுத்தம் செய்து, சுருதி சேர்த்துத் தருகிறவர் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். பெட்டியை நாங்களே கொண்டு வருகிறோம். அதற்குள் முடியாதென்றால், இரண்டு வாரத்துக்கு வேறொரு பெட்டி கிடைத்தாலும் போதும், வாடகை தந்துவிடுகிறோம்.