தங்கம் பூசியதும் துத்தநாக ஆக்சைடு படலத்தின் மின்தடை ஏறுவது ஏன்?

சாட்ஸ்வர்த்_மாணவன்:
வணக்கம், டர்பனில் முதுகலை படிக்கிறேன். கண்ணாடித் தகட்டில் 60 நானோமீட்டர் துத்தநாக ஆக்சைடு படலம் போட்டு, மேலே ஸ்பட்டரில் (அயனிகளால் உலோக அணுக்களைத் தெறிக்கவைத்துப் பூசும் முறை) 3 நானோமீட்டர் தங்கம் பூசினேன். தங்கம் நன்றாகக் கடத்தும், தடை இறங்கும் என்று பார்த்தால் பல மடங்கு ஏறிவிட்டது. அதே மாதிரிப் படலத்தில் அலுமினியம் பூசினால் இறங்குகிறது! மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் பூச்சின் மேலேயே வைத்து அளக்கிறேன். புழுக்கமான நாளில் அளவு இன்னும் ஆடுகிறது. யாராவது விளக்குங்களேன்.

மாரிட்ஸ்பர்க்_அண்ணன்:
தம்பி, தடை ஏறுவது நியாயம்தான். 3 நானோமீட்டர் தங்கம் முழுத் தகடாகப் படியாது, தனித்தனித் தீவுகளாக நிற்கும், அதனால் மின்னோட்டம் இன்னமும் ஆக்சைடு வழியாகத்தான் போயாக வேண்டும். அந்த ஆக்சைடிலிருந்து எலக்ட்ரான்களைத் தங்கம் இழுத்துக்கொள்கிறது. தங்கத்தின் வெளியேற்று ஆற்றல் (ஒரு எலக்ட்ரானை வெளியே எடுக்கத் தேவையான ஆற்றல்) சுமார் 5.1 எலக்ட்ரான் வோல்ட், துத்தநாக ஆக்சைடின் எலக்ட்ரான் நாட்டமோ (அதில் ஓடும் எலக்ட்ரானை வெளியே எடுக்கத் தேவையான ஆற்றல்) 4.2 முதல் 4.5 வரைதான். தீவுகளுக்கு அடியில் எலக்ட்ரான் வற்றிய, மின்சாரம் கடத்தாத பகுதி உண்டாகும். அதன் ஆழத்தைக் கணக்குப் போட்டுப் பார்: எலக்ட்ரான் செறிவு கன சென்டிமீட்டருக்கு 10¹⁷, தங்கமும் ஆக்சைடும் தொடுமிடத்தில் எலக்ட்ரானுக்கு எழும் தடுப்பு 0.7 வோல்ட் என்றால் ஏறக்குறைய 80 நானோமீட்டர் வரும். உன் படலமே 60தானே! செறிவு 10¹⁹ என்றால் 8 நானோமீட்டர்தான், தடை ஏறியதே தெரியாது. அதனால் முதலில் ஹால் அளவீடு (காந்தப்புலத்தில் வைத்து எலக்ட்ரான் செறிவை அளக்கும் முறை) செய்து செறிவைத் தெரிந்துகொள்.

ரிச்சர்ட்ஸ்பே_அக்கா:
அலுமினியம் வேறு கதை. வெளியேற்று ஆற்றல் குறைவு என்பதோடு நிற்காது, ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனையே பிடுங்கிக்கொள்ளும். ஆக்சிஜன் குறைந்த படலத்தில் எலக்ட்ரான் மிகும், தடை இறங்கும். அவ்வளவு மெல்லிய அலுமினியம் காற்றுப் பட்டதும் பெரும்பாலும் தானே ஆக்சைடாகிவிடும் என்பதால், கடத்துவது அலுமினியம் என்று எடுத்துக்கொள்ளாதே. எங்கள் ஊர் மணலில் கிடைக்கிற டைட்டானியத்தின் ஆக்சைடிலும் இப்படித்தான், பிளாட்டினம் தடுப்புச் சுவர் எழுப்பும், டைட்டானியம் உலோகம் பூசினால் ஆக்சிஜனை உறிஞ்சிக் கடத்தவைக்கும்.

அளவு ஆடுவதற்கு ஈரமும் வெளிச்சமும் காரணமாக இருக்கலாம். மேற்பரப்பில் ஒட்டும் ஆக்சிஜனும் எலக்ட்ரானைப் பிடித்துவைக்கும், புற ஊதாக் கதிர் பட்டால் அது விடுபட்டு, பழைய நிலைக்கு வர மணிக்கணக்கில் ஆகும். இரவெல்லாம் இருட்டில் வைத்து, உலர்ந்த நைட்ரஜனில் அள.

மாரிட்ஸ்பர்க்_அண்ணன்:
அக்கா சொன்னதோடு இன்னொன்று. முனையைத் தங்கத்தின் மேல் வைத்தால் தொடுமிடத்துத் தடுப்பும் சேர்ந்து அளவாகும். இரண்டு ஓரத்திலும் அலுமினியப் பட்டை போட்டு, நடுவில் மட்டும் தங்கம் பூசி, நான்கு முனையில் (இரண்டில் மின்னோட்டம் செலுத்தி, மற்ற இரண்டில் வோல்ட் அளப்பது) அளந்து பார். அப்புறம், படலத்தை உலையில் சூடுபடுத்தும்போது லோட் ஷெடிங் (மின்வெட்டு) வந்து உலை ஆறிப்போன தகட்டை மற்றதோடு ஒப்பிடாதே.

சாட்ஸ்வர்த்_மாணவன்:
நன்றி அண்ணா, அக்கா. ஓரத்தில் அலுமினியம் போட்டு அளந்தேன், தடை இன்னும் ஏறத்தான் செய்கிறது, ஆனால் முன்பைவிடக் குறைவு. 200 நானோமீட்டர் படலத்தில் ஏற்றம் சொற்பம்தான். ஹால் கருவிக்கு அடுத்த வாரம் நேரம் கேட்டிருக்கிறேன்.

ரிச்சர்ட்ஸ்பே_அக்கா:
சரி, செறிவு தெரிந்ததும் இங்கேயே போடு. தங்கம் பூசாத தகடு ஒன்றையும் கூடவே எடுத்துப் போ, அதை அளக்காமல் ஒப்பிட முடியாது.