கிணற்றைச் சுற்றிய பாதுகாப்புக் கோடு: உங்கள் ஊரில் என்ன பார்த்தீர்கள்?

குவெல்ஃப், ஒன்டாரியோவிலிருந்து

ஊர்க் குடிநீர்க் கிணறுகளுக்குப் பாதுகாப்பு வலயம் குறிப்பதுதான் என் வேலை. நிலத்தடி நீரோட்டத்தைக் கணினி மாடலில் அமைப்போம். கிணற்றிலிருந்து துகள்களைப் பின்னோக்கி ஓடவிட்டால், எந்த நிலத்துத் தண்ணீர் எத்தனை ஆண்டில் கிணற்றுக்கு வந்து சேரும் என்று தெரியும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2006 தூய நீர்ச் சட்டத்தின் கீழ் முதலில் 100 மீட்டர் வட்டம், அப்புறம் 2, 5, 25 ஆண்டுக் கோடுகள். ஒருவர் தன் நிலத்தில் எரு கொட்டலாமா, எண்ணெய்த் தொட்டி வைக்கலாமா என்பதெல்லாம் இந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்தது.

ஒரு பொதுக்கூட்டத்தில் வயதான விவசாயி ஒருவர் எங்கள் வரைபடத்தில் விரலை வைத்தார். “மார்ச்சில் பனி உருகும்போது என் வயல் தண்ணீர் முழுவதும் இந்தப் பொந்துக்குள் போய்விடும். நீங்கள் இங்கே 5 ஆண்டு என்று போட்டிருக்கிறீர்களே?” என்று கேட்டார். மறுநாளே போய்ப் பார்த்தோம். மாடு விழாமலிருக்கப் பழைய வேலிக்கம்பியைச் சுற்றிக் கட்டியிருந்தார். உள்ளே சோளத்தட்டைகள் வட்டமாகச் சுழன்று, உறிஞ்சும் சத்தத்தோடு தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அனுமதி வாங்கி ஃப்ளோரசின் சாயத்தை அதில் ஊற்றினோம். கிணற்றின் மாதிரிக் குழாயில் கட்டியிருந்த கரிப்பையில் சில நாட்களிலேயே சாயம் பிடித்துவிட்டது.

அவ்வளவுக்கும் மாடல் காட்டிய நீர்மட்டம் கிணறுகளில் அளந்ததோடு அழகாகப் பொருந்தியிருந்தது. பொருந்தத்தான் செய்யும். நிலையான ஓட்டத்தைக் கணக்கிடும் சமன்பாட்டில் பாறையின் நுண்துளை விகிதம், அதாவது பாறையில் தண்ணீர் ஓடும் இடைவெளியின் பங்கு, வருவதே இல்லை. அதை எவ்வளவு மாற்றினாலும் நீர்மட்டம் அசையாது, ஆனால் பயண நேரம் தலைகீழாகிவிடும். அந்த விகிதத்தை 2 சதவீதம் என்று வைத்து 2 ஆண்டுக் கோடு வரைகிறோம் என்று வையுங்கள். தண்ணீர் உண்மையில் ஓடும் வெடிப்புகள் 0.2 சதவீதம்தான் என்றால், அதே தூரத்தை அது 73 நாளில் கடந்துவிடும். கோட்டைப் பார்க்கும் ஊர்க்காரருக்கு இந்த வேறுபாடு எங்கேயும் தெரியாது.

ஒன்டாரியோவின் வாக்கர்ட்டன் ஊரில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 2000 மே மாதம் பெருமழை பெய்து, 5ஆம் கிணற்றுக்குள் மாட்டெருவின் கிருமி போனது. அந்தக் கிணற்றுக்குத் தண்ணீர் வந்ததெல்லாம் 8 மீட்டருக்கு உட்பட்ட ஆழத்திலிருந்து. 7 பேர் இறந்தார்கள், 2,300 பேருக்கு மேல் நோயுற்றார்கள். எருவிட்ட விவசாயிமேல் தவறில்லை என்று விசாரணை ஆணையமே சொன்னது. பிறகு அங்கே சாயம் விட்டுப் பார்த்தபோது, மாடல் கணக்கிட்டதைவிடப் பல பத்து மடங்கு வேகத்தில் தண்ணீர் ஓடியது. சுண்ணாம்புக்கல், டோலமைட் போன்ற வெடிப்புப் பாறையில் சாயச் சோதனை இல்லாமல் வரைந்த கோட்டை நான் முடிவானதாக ஏற்பதில்லை. செலவு கூடும் என்பார்கள். கூடட்டும்.

உரும்பிராய், யாழ்ப்பாணத்திலிருந்து

வாசிக்கப் பயமாக இருக்கிறது அண்ணா. எங்களுக்குக் கீழேயும் சுண்ணாம்புக்கல்தானே. ஆறு கிடையாது, கிணறுதான் எல்லாம். உங்கள் 100 மீட்டர் வட்டத்தை இங்கே போட்டுப் பார்த்தேன், எங்கள் ஊர் நில அளவில் ஏறத்தாழ 124 பரப்பு வருகிறது. எங்கள் ஒழுங்கையில் ஒவ்வொரு வளவும் 2, 3 பரப்புத்தான். அப்படியென்றால் ஒரு கிணற்றின் வட்டத்துக்குள் நாற்பது ஐம்பது வீட்டு மலகூடக் குழிகள்! அம்மா வெங்காயத் தோட்டத்துக்கு யூரியா போட்டு இறைக்கிற இடமும் அதற்குள்தான். நைட்ரேட் லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டிய கிணறுகள் இந்தப் பக்கம் நிறையவே உண்டு. கைக்குழந்தை இருக்கிற வீட்டில் இந்தத் தண்ணீரில் பால்மா கரைக்கக்கூடாது என்று சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் வலிக்கிறது. இப்படி நெருக்கமான ஊரில் வலயம் குறித்து என்ன பயன்?

குவெல்ஃப், ஒன்டாரியோவிலிருந்து

தங்கச்சி, எல்லா வீட்டுக் கிணற்றுக்கும் வலயம் போட முடியாது, அது சரிதான். ஆனால் ஊருக்கு நீர் கொடுக்கும் பொதுக் கிணறுகளுக்குப் போடலாம், போட வேண்டும். வட்டமாகப் போடாதீர்கள். தண்ணீர் வரும் பக்கம் நீண்டும் மறுபக்கம் குறுகியும்தான் வலயம் இருக்கும். எந்தப் பக்கம் என்று காட்டுவதற்குத்தான் மாடல் உதவும். அதற்குள் வரும் குழிகளை மட்டும் முதலில் அடிப்பகுதி பூசிய தொட்டிகளாக மாற்றினால் போதும், நாற்பதும் ஒரே நாளில் மாற வேண்டியதில்லை.

மாடலுக்கு முன்பு செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. தண்ணீரின் மின்கடத்துத்திறனை (கரைந்த உப்பு எவ்வளவு என்று காட்டுவது) அளக்கும் சிறு கருவி ஒன்று வாங்கி, மாரி மழை தொடங்கியதும் கிணற்றில் காலை மாலை அளந்து எழுதி வையுங்கள். மழை விட்ட ஓரிரு நாளில் அளவு சட்டென்று விழுந்தால், மேல் தண்ணீர் வெடிப்பு வழியாக நேரே கிணற்றுக்குள் வருகிறது என்று அர்த்தம். மெதுவாக மாறினால் கொஞ்சம் வடிகட்டல் நடக்கிறது. புன்னாலைக்கட்டுவன், அச்சுவேலிப் பக்கம் யாராவது இப்படி அளந்திருந்தால் இங்கே எழுதுங்கள். மழை எப்போது பெய்தது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள், அது இல்லாமல் அளவை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது.